பாத்திமா எப்போது வருகிறாள்?

அன்புள்ள ஐயா,

பாடநூல்களில் பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் போதிய இடமில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் அரசுப் பள்ளித் தமிழாசிரியர். சீறாப்புராணம் நடத்தியிருக்கிறேன், தேம்பாவணி நடத்துகிறேன். முத்துலட்சுமி அம்மையாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் பாடத்தில் இருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்? பிள்ளைகள் புத்தகத்திலும் தலை எண்ண வேண்டுமா?

– தமிழாசிரியர் ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தலை எண்ண வேண்டாம். எண்ணினால் நீங்கள் சொல்வதுதான் சரியென்று வரும். செய்யுளை விட்டுவிட்டு இலக்கணப் பயிற்சிக்கு வாருங்கள். வேற்றுமை உருபுக்கும் எழுவாய் பயனிலைக்கும் காலங்காலமாக நாம் கொடுக்கிற தொடர்களில் யார் வருகிறார்கள்? கண்ணன் பாடம் படிப்பான், முருகன் பந்து எறிவான், வள்ளி கோலம் போடுவாள், அம்மா சோறு ஆக்குவார். பாத்திமா வந்தால் ரம்ஜான் வந்திருக்கும், மேரி வந்தால் கிறிஸ்துமஸ். பண்டிகை முடிந்ததும் இருவரையும் காணோம். பாத்திமா பஸ்ஸைத் தவறவிட்டாள் என்று ஒரு தொடரைப் பார்ப்பது அரிது.

சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாக்கியவர். அவரைப் படிக்காமல் தமிழ்ப் படிப்பு நிறையாது. ஆனால் ஆம்பூரில் தோல் தொழிற்சாலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை தன் தெருவைக் காப்பியத்தில் தேட முடியாது. அது உரைநடையிலும் பயிற்சியிலும்தான் வர முடியும்.

பெண்பாற் புலவர் ஒருவரைச் சேர்த்தால் ஆயிற்று என்பதும் அப்படித்தான். பொன்முடியாரின் ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ பலருக்கும் மனப்பாடம். பாடியவர் பெண். பாட்டிலோ பெற்று வளர்ப்பது தாயின் கடன், சான்றோன் ஆக்குவது தந்தையின் கடன். அருமையான பாட்டு, நடத்துங்கள். கூடவே வெண்ணிக்குயத்தியாரையும் நடத்துங்கள். வெண்ணிப் போரில் வென்று நின்ற கரிகாலனிடமே, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி, வடக்கு நோக்கி உண்ணாதிருந்து உயிர்விட்ட சேர மன்னன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்டவர் அவர். பெயரைப் பார்த்தால் குயவர் குடிப் பெண். சோழ மன்னனை நேருக்கு நேர் கேட்கிறார்! இதைப் படிக்கிற எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குப் பெண்ணுரிமை என்று தனிப்பாடம் எதற்கு என்றுகூட எனக்குத் தோன்றும்.

2024-ல் கேரளத்தின் மூன்றாம் வகுப்புப் பாடநூலில் ஒரு படம் வந்தது. அம்மா சமைக்கிறார், அப்பா தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவுகிறார். ஆணும் வீட்டு வேலை செய்ய வேண்டும் என்று பிரசங்கம் செய்வதைவிட அந்தத் துருவல் நன்றாக வேலை செய்யும் என்று நம்புகிறேன்.

சரி, பாடநூல் மாற நாளாகும். வகுப்புத் தேர்வுக்கு வினாத்தாள் எடுப்பது நீங்கள்தானே? அடுத்த முறை ரஹீம் சைக்கிளுக்குக் காற்றடிக்கட்டும், அப்பா துணி துவைக்கட்டும், ஸ்டெல்லா ஊராட்சித் தலைவராகட்டும். பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று அப்புறம் எழுதுங்கள்.