ரீடிங் ஹாலுக்கு எந்த என்.ஐ.சி. எண்?

மாதச் சந்தா வாங்கிக்கொண்டு போட்டித் தேர்வு மாணவர்களுக்கு ரீடிங் ஹால் நடத்துகிறீர்கள். உத்யம் (சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) படிவத்தில் என்.ஐ.சி. எண், அதாவது என்ன தொழில் என்று காட்டும் வகைப்பாட்டு எண் கேட்கிறார்கள். அதை 'கல்வி' என்று 85-ஆம் பிரிவில் போடச் சொல்கிறார் பிரவுசிங் சென்டர்காரர். வேண்டாம். பாடம் நடத்தினால்தான் 85. என்.ஐ.சி. 2008 பட்டியலில் நூலகம், ஆவணக் காப்பகம் இரண்டுக்கும் எண் 9101. வாசிப்பு அறையும் அதற்குள்ளேயே அடங்கும். ஐந்து இலக்கத்தில் 91011-ஐத் தேர்ந்தெடுங்கள்.

நாவல், வார இதழ்களை வாடகைக்கு விடுவதுதான் முக்கிய வருமானம் என்றால் கதை வேறு, அது 7729. மூலையில் ஜெராக்ஸ் மெஷினும் வைத்திருந்தால், அதற்கு 8219. உத்யமில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்களைச் சேர்க்கலாம், தயங்காமல் சேருங்கள்.

அப்புறம், ஜி.எஸ்.டி.க்குக் கேட்கும் சேவை எண் தனி. 9101-ஐ அங்கே போட்டுவிடாதீர்கள். உத்யம் பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. சென்டரில் கேட்பது அவர்களுடைய கூலி மட்டும்தான்.