ஆஸ்துமா உள்ள பையனோடு செக்கோயா: எந்த மாதம், எந்த நேரம்?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் ஊரில் இருக்கிறோம். ஜூலையில் செக்கோயா தேசியப் பூங்காவுக்குப் போகத் திட்டம். பத்து வயது மகனுக்கு ஆஸ்துமா. ஊரில் ஓசோன் (மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் காற்று மாசு) எச்சரிக்கை வந்தால் வெயில் இறங்கிய பிறகுதான் அவனை வெளியே விடுவோம். மலைக்காட்டில் அந்தக் கவலை இல்லை அல்லவா?

பதில்: கவலை அங்கேயும் உண்டு. அமெரிக்க தேசியப் பூங்காக்களில் ஓசோன் மிக அதிகம் சேரும் இடங்களில் செக்கோயாவும் ஒன்று.

மேற்கே, மலையடியில் சான் வாக்கின் பள்ளத்தாக்கு இருக்கிறது. ஃப்ரெஸ்னோ, வைசேலியா பக்கத்து வாகனங்களும் லாரிகளும் விடும் புகை வெயில் பட்டு ஓசோனாக மாறுகிறது. பகலில் மலைச்சரிவு சூடேறும்போது காற்று கீழிருந்து மேலே ஏறும். ஓசோனும் கூடவே ஏறும். அதனால் மலையில் அது உச்சத்துக்கு வருவது பிற்பகலில். சில நாள் மாலையாகிவிடும்.

இரவில் என்ன நடக்கிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். ஊரில் இருட்டிய பிறகு வெயில் இல்லாததால் புது ஓசோன் உருவாகாது; அப்போதும் வண்டிகள் விடும் நைட்ரிக் ஆக்சைடு வாயு, இருக்கும் ஓசோனை அழித்துவிடுகிறது. மலையில் அந்தப் புகை குறைவு. பகலில் ஏறி வந்த ஓசோன் சீக்கிரம் போகாது. ஆகவே 'வெயில் இறங்கட்டும்' என்ற ஊர்க் கணக்கு அங்கே செல்லாது. காலை நேரம்தான் நல்லது. ஆனால் உயரம் கூடக்கூட காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசமும் குறையும்.

அதனால் நேரத்தைவிட மாதத்தை மாற்றுங்கள் என்பதே என் ஆலோசனை. மே முதல் அக்டோபர் தொடக்கம் வரை ஓசோன் காலம். ஜூலை, ஆகஸ்ட் மிக மோசம். அதனால் அங்குள்ள பாண்டரோசா, ஜெஃப்ரி பைன் மரங்களின் ஊசியிலைகளே மஞ்சள் புள்ளி விழுந்து சீக்கிரம் உதிர்கின்றன. தெற்கே சான் பெர்னார்டினோ மலையில் 1950களில் இதே நோயைக் கண்டு குழம்பினார்கள். ஓசோன்தான் காரணம் என்று 1960களில் உறுதியானது. மரத்தையே வாட்டும் காற்றில் ஆஸ்துமா உள்ள பிள்ளையை ஓடவிட எனக்கு மனம் வராது. அக்டோபர் பிற்பகுதியில் போங்கள்.

ஜூலையை மாற்றவே முடியாதென்றால், பூங்காவில் உள்ள மோரோ பாறையின் 350க்கும் மேற்பட்ட படிகளைக் காலையிலேயே ஏறி முடியுங்கள். சூரிய அஸ்தமனம் பார்க்க ஏற வேண்டாம். அன்றன்று ஏர்நவ் செயலியில் ஓசோன் அளவைப் பாருங்கள். காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஏற்றமே வேண்டாம், மரத்தடியில் மெதுவாக நடந்தால் போதும். என்95 முகக்கவசம் காட்டுத்தீப் புகைத் துகளைத் தடுக்கும். ஓசோன் வாயு என்பதால் அதைத் தடுக்காது. இன்ஹேலரை காரில் விடாமல் கையோடு வைத்திருங்கள். கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம், பெரிய மரங்களைப் பார்ப்பதுதான் பையனின் ஆசை என்றால், ஜூலைக்கு சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்தில் மியூர் வுட்ஸ் காடு இருக்கிறது. அங்கே இருப்பது கடலோர செம்மரம் (கோஸ்ட் ரெட்வுட்), பூங்காவின் செக்கோயா மரத்திலிருந்து வேறு இனம். ஆனால் அந்த இனம் உயரத்தில் செக்கோயா மரத்தையே மிஞ்சக்கூடியது. கடல் காற்று வீசுவதால் ஓசோன் அங்கே பெரும்பாலும் குறைவு. உங்களுக்கும் பக்கம்.