25 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் போதுமா?

கேள்வி: 230 வோல்ட், 4 கிலோவாட் ஹீட்டரை டெம்பரேச்சர் கன்ட்ரோலரோடு இணைக்க, 25 ஆம்பியர் என்று போட்ட சாலிட் ஸ்டேட் ரிலே (அசையும் பாகம் இல்லாத மின்னணு சுவிட்ச்) வாங்கினேன். ஹீட்டர் இழுப்பது 17 ஆம்பியர் சொச்சம்தான். கொஞ்ச நாளிலேயே ரிலே போய்விட்டது. கன்ட்ரோலர் அணைத்தும் ஹீட்டர் சூடாகிக்கொண்டே இருந்தது. போலிச் சரக்கா? 40 ஆம்பியர் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: போலியாகவும் இருக்கலாம். அதற்கு முன், ஹீட்சிங்க் (சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் உலோகப் பட்டை) போட்டீர்களா? கேள்வியில் அந்தப் பேச்சே இல்லையே!

இந்த வகை ரிலே ஆன் ஆகி இருக்கும்போது அதன் குறுக்கே ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலே விழும். 1.2 வோல்ட் என்று வைத்தால், 17 ஆம்பியருக்கு 20 வாட் சூடு. ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் இழுக்கிற மின்சாரம் அது. உள்ளங்கையில் அடங்கும் பெட்டிக்குள் அவ்வளவு சூட்டை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தாங்கும்? முகப்பில் போட்டிருக்கும் 25 ஆம்பியர், தகுந்த ஹீட்சிங்க்கில் தெர்மல் பேஸ்ட் தடவி இறுக்கினால்தான். வெறுமனே வைத்தால் சில ஆம்பியரோடு சரி. 40 ஆம்பியர் வாங்குவது நல்லதுதான், ஆனால் சூடு பெரிதாகக் குறையாது. ஹீட்சிங்க் கட்டாயம் வேண்டும்.

வாங்கும்போது டேட்டாஷீட்டைக் கேளுங்கள். சுற்றுப்புறச் சூடு ஏற ஏற எத்தனை ஆம்பியர் வரை போகலாம் என்ற வரைபடம் அதில் இருக்க வேண்டும். அது இல்லாத சரக்கை நான் தொடமாட்டேன். 40 என்று எழுதிவிட்டு, உள்ளே 16 ஆம்பியர் ட்ரையாக் (ஏசியை இரு திசையிலும் விடும் ஒற்றை மின்னணு சுவிட்ச்) ஒன்றை வைத்து விற்பதும் நடக்கிறது. எதிரெதிராக இணைத்த இரண்டு எஸ்சிஆர் (ஒரு திசையில் மட்டும் விடும் மின்னணு சுவிட்ச்) உள்ளதாகப் பாருங்கள். 230 வோல்ட் லைனின் உச்சம் 325 வோல்ட். இடையில் பாயும் திடீர் உயர்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் 800 வோல்ட்டாவது தாங்கும் ரிலேயை எடுப்பது மேல். ஹீட்டருக்கு ஜீரோ கிராஸ் வகையே (ஏசி வோல்டேஜ் பூஜ்யத்தைக் கடக்கும்போது ஆன் ஆவது) போதும்.

அப்புறம், ஹீட்டர் அணையாமல் நின்றது தற்செயல் அல்ல. இவை கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். எனவே தனி ஓவர்ஹீட் தெர்மோஸ்டாட் ஒன்று இயக்கும் கான்டாக்டரை (பெரிய கரன்ட்டைத் துண்டிக்கும் காந்த சுவிட்ச்) ரிலேயோடு தொடரில் போடுங்கள். ஷார்ட் ஏற்பட்டால், சாதாரண எம்சிபி (வீட்டு மின்பலகையில் இருக்கும் பிரேக்கர்) ரிலேயைக் காப்பாற்றும் வேகத்தில் விழாது. அதைவிட வேகமாக உருகும் செமிகண்டக்டர் ஃபியூஸ் வேண்டும்.

கேள்வி: இதே ரிலேயை 24 வோல்ட் டிசி மோட்டாருக்குப் போட்டேன். ஆன் ஆகிறது, ஆஃப் ஆக மறுக்கிறது. மாற்றித் தருவார்களா?

பதில்: ரிலேயில் குறையில்லை, மாற்றிக் கேட்பது நியாயமில்லை. எஸ்சிஆரும் ட்ரையாக்கும் கரன்ட் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கினால்தான் அணையும். ஏசியில் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் அது தானாக நடக்கும், டிசியில் நடக்காது. மாஸ்ஃபெட் (டிசியையும் அணைக்கவல்ல டிரான்சிஸ்டர்) அவுட்புட் உள்ள டிசி ரிலே வாங்கி, மோட்டாருக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டயோடு போடுங்கள். நீங்களே மாஸ்ஃபெட் வைத்துச் செய்வதானால் ஐஆர்எஃப்540என் என்ற மாஸ்ஃபெட்டை மைக்ரோகன்ட்ரோலரின் 3.3 வோல்ட் பின்னில் நேரடியாகக் கட்டாதீர்கள். அதன் கேட்டுக்கு (கட்டுப்படுத்தும் முனை) 2 முதல் 4 வோல்ட் கொடுத்தால் அது திறக்கத் தொடங்கும், அவ்வளவுதான். முழுதாகத் திறக்க 10 வோல்ட் வேண்டும்.