தொடர்பாடல் படித்து என்ன செய்வாள்?

அன்புள்ள அக்கா,

உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். என் மூத்த மகளுக்குத் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கைநெறி கிடைத்திருக்கிறது. அவளுக்குச் சந்தோஷம், மற்றவர்களுக்குக் குழப்பம். "அதைப் படித்து என்ன செய்வாள், ரேடியோவில் பாட்டுப் போடுவாளா?" என்று என் தங்கை கேட்கிறாள். இன்னொரு தடவை ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுத்தால் சட்டத்துக்குப் போகலாம் என்று ரியூசன் ஆசிரியர் சொல்கிறார். எங்களோடு இருக்கும் என் அம்மா மட்டும், "பக்கத்தில்தானே, வீட்டில் இருந்தே போய்வரட்டும்" என்கிறா.

போன கிழமை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் தொடர்பாடல் பீடம் வெளியிட்ட செய்தியை மகள் காட்டினாள். அங்குள்ள ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் அண்மையில் செய்த சாதனைகள். ஒருவருக்குப் பேராசிரியர் பதவி, ஒருவருடைய ஆய்வுக் கட்டுரைக்கு விருது, ஒரு பழைய மாணவி எடுத்த ஆவணப்படம் விழாவுக்குத் தெரிவாகியிருக்கிறது, இன்னொருவர் ஒரு பெரிய நிறுவனத்தில் துணைத் தலைவர். அப்படியே நீண்டுகொண்டு போகிறது. எங்கள் வளாகத்துக்கும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடினேன். என் கண்ணில் பட்டவை சில வாழ்த்துப் படங்கள்தான். யார் என்ன செய்தார் என்று அவற்றில் இல்லை.

நீங்கள் இந்த ஊரில் இருந்து பத்திரிகைக்கு எழுதியவர். இங்கே தொடர்பாடல் படித்த பிள்ளைகள் எதையாவது சாதித்திருக்கிறார்களா? மகளை நம்பி அனுப்பலாமா? என் பெயர் போட வேண்டாம்.

ஒரு தகப்பன், உப்புவெளி

*

அன்புள்ள தம்பிக்கு,

அனுப்புங்கள். பதிவு செய்யும் திகதி ஒன்று இருக்கும், அதைத் தவறவிட்டுவிடக் கூடாது என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

அந்த அமெரிக்கப் பட்டியலை மகள் காட்டியது நல்லது. ஆனால் அதை வாசிக்க ஒரு முறை இருக்கிறது. துணைத் தலைவர் ஆனார் என்பது உத்தியோகம். அந்த வீட்டுக்குப் பெரிய சந்தோஷம், நாமும் வாழ்த்தலாம், ஆனால் அவர் செய்த வேலை என்னவென்று அதில் இருந்து தெரியாது. பேராசிரியர் பதவி அதைவிடக் கொஞ்சம் கூடச் சொல்லும், ஏனென்றால் அதற்குப் பின்னால் பல வருட ஆய்வு இருக்கும். எங்கள் பக்கத்தில் இருந்து ஒரு விரிவுரையாளர் கலாநிதிப் பட்டம் முடித்துத் திரும்பி வருவதற்குள் படும் பாட்டை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆவணப்படம் என்றால் யாரைப் பற்றியது, எந்த மொழியில், படத்தில் வந்தவர்கள் அதைப் பார்த்தார்களா என்று கேட்கவேண்டும். தொடர்பாடல் படித்த ஒருவரின் சாதனையை நான் அளப்பது ஒரே கேள்வியால்தான். இவரால் யாருடைய பேச்சு யாருக்குக் கேட்டது?

அமெரிக்காவில் இதெல்லாம் எப்படி வளர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். மிசூரிப் பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளி 1908இல் தொடங்கியது. செப்டெம்பர் 14, வகுப்புத் தொடங்கிய அதே நாளில், மாணவர்கள் தயாரித்த பத்திரிகையும் வெளிவந்தது. பல்கலைக்கழகத்துக்குள் கைமாறும் சஞ்சிகை என்று நினைக்கவேண்டாம். அந்தப் பள்ளி இருக்கும் கொலம்பியா என்ற ஊருக்கான பத்திரிகை அது. நகரசபைக் கூட்டம், நீதிமன்றம், பாடசாலை, தீவிபத்து எல்லாவற்றுக்கும் மாணவர்கள் போய் நின்று எழுதினார்கள், ஆசிரியர்கள் அருகில் இருந்து திருத்தினார்கள். இன்றுவரை அந்த முறை நடக்கிறது. 1953 முதல் அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஒரு தொலைக்காட்சி நிலையமும் உண்டு. பள்ளியைத் தொடங்கிய வால்டர் வில்லியம்ஸ் பல்கலைக்கழகப் படிப்பே இல்லாதவர். அச்சுக்கூடத்தில் தொடங்கிப் பத்திரிகை ஆசிரியராக வளர்ந்தவர். பிறகு அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார். நூறு வருடத்துக்கும் மேலாக மாணவர்கள் ஊருக்குள் இறங்கி வேலை செய்கிற இடத்தில் சாதனைப் பட்டியல் நீளமாக வருவது இயல்பு.

எங்கள் திருகோணமலை வளாகம் 1993இல் ஒரு இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 2001இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமானது. அந்த வருடங்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. யுத்தம், நடுவில் சுனாமி, பிறகு மறுபடியும் யுத்தம். சோதனைச் சாவடிகளைத் தாண்டித்தான் பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள்.

சரி, சாதித்திருக்கிறார்களா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் எழுதினால் அவளுக்குச் சங்கடம்.

கோணேசபுரியில் இருக்கும் இதே வளாகத்தில் தொடர்பாடல் படித்தவள். படித்து முடித்த பல பேரைப் போல அவளும் பட்டதாரிப் பயிலுநராகச் சேர்ந்து, இப்போது நம் மாவட்டத்துப் பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். உங்கள் தங்கை கேட்டால் "இதுக்கா தொடர்பாடல் படிச்சவள்?" என்பா. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மகாவலி பெருகியது. மகாவலியின் தண்ணீர் ஒரு கிளை வெருகலாகவும் மற்றது மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவுக்குமாகத்தான் கடலில் சேருகிறது. ஆற்றின் மேல்பக்கம் மன்னம்பிட்டியில் தண்ணீர் ஏறினால் அடுத்தது நம்முடைய ஆட்கள். அறிவித்தல்கள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முந்தி வந்தன. தமிழில் பிந்தி வந்தன, வந்தவையும் "தாழ்நிலப் பிரதேசங்களில் வசிப்போர் அவதானமாக இருக்குமாறு" என்கிற தமிழில் வந்தன. தன்னுடைய வீடு தாழ்நிலப் பிரதேசமா என்று வெருகலில் ஒரு கிழவிக்கு எப்படித் தெரியும்?

இவள் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பத் தொடங்கினாள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள். அவற்றில் இரண்டு என் போனுக்கும் வந்தன, யாரோ யாருக்கோ அனுப்பி என்னிடம் வந்தவை. கேட்டவுடன் இது தெரிந்தவளின் வேலை என்று விளங்கியது. முதலில் தன் பெயரையும் தான் யார் என்பதையும் சொன்னாள். பிறகு, "இண்டைக்கு வெள்ளிக்கிழமை, பின்னேரம் ரெண்டு மணிக்கு இதைச் சொல்லுறன்" என்றாள். ஒரு பதிவு நாலு கை மாறினால் எப்போது சொன்னது என்பது தொலைந்துபோகும், நேற்றைய எச்சரிக்கையை இன்றைக்குக் கேட்டு மனிதர்கள் ஓடுவார்கள். அதைத் தடுக்கத்தான் நேரம். "தாழ்நிலம்" என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. எந்தக் கட்டுக்குக் கீழே இருப்பவர்கள், எந்த வீதிக்கு ஆற்றுப் பக்கமாக இருப்பவர்கள் என்று இடம் இடமாகச் சொன்னாள். எங்கே போவது, எதை எடுத்துக்கொள்வது. கடைசியில், "அடுத்தது நாலு மணிக்குச் சொல்லுவன், அதுக்கிடையில வேற ஆரும் என்ர பேரைச் சொல்லி அனுப்பினால் நம்பாதேங்கோ." சிங்கள அறிவித்தல்களைப் பொருள் பிசகாமல் விளக்கிக் கொடுத்தது அவளோடு ஒரே வகுப்பில் படித்த ஒரு சிங்களப் பிள்ளை. இரண்டு பேரும் இரவிரவாகப் போனில் இருந்திருக்கிறார்கள்.

மழை விட்டபிறகு அவளிடம் கேட்டேன், இதை எங்கே பிள்ளை பழகினாய் என்று. "வளாகத்திலதான் அன்ரி. எங்கட மிஸ் ஒரு பயிற்சி தந்தவா" என்றாள்.

அந்தப் பயிற்சியை விரிவாகவே எழுதுகிறேன். ஏதாவது ஒரு அரசாங்கக் கடிதம் அல்லது சுற்றறிக்கையை வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டும். வீட்டில் மூத்தவர் ஒருவருக்கு அதை ஒருமுறை வாசித்துக்காட்டவேண்டும். பிறகு, "இதில் என்ன சொல்லியிருக்கு, எனக்குத் திருப்பிச் சொல்லுங்கோ" என்று கேட்கவேண்டும். அவர் சொல்வதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதவேண்டும். எங்கே தடக்கினார், எதை மாற்றி விளங்கினார், எதை விட்டுவிட்டார் என்று குறிக்கவேண்டும். அந்தத் தடக்கல்களை மட்டும் வைத்துக் கடிதத்தைத் திரும்ப எழுதி, இன்னொருவருக்கு வாசித்து, அவரும் தடக்காமல் சொல்லும்வரை திருத்தவேண்டும். இவள் ஓய்வூதியக் கடிதம் ஒன்றை அம்மம்மாவுக்கு வாசித்தாளாம். "உரிய ஆவணங்களைச் சமர்ப்பிக்கவும்" என்ற இடத்தில் அம்மம்மா, "எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்டிருக்கிறா. அம்மம்மாவின் தமிழில் சமர்ப்பிப்பது கோயிலுக்குத்தான். அந்த ஒரு வரியைத் திருத்த தனக்கு ஒரு கிழமை பிடித்தது என்றாள். அந்த ஒரு கிழமைதான் வெள்ளத்தில் கைகொடுத்தது.

தமிழ் அரச கரும மொழி என்று 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தில் எழுதியாயிற்று. எழுதிய மொழி அம்மம்மாவின் காதில் ஏறுவதற்கு இப்படி ஒரு ஆசிரியை வேண்டியிருக்கிறது. அந்த ஆசிரியையின் பெயர் எந்த விருதுப் பட்டியலிலும் இந்த வேலைக்காக வராது. ஆய்விதழில் வெளியாகும் கட்டுரைக்குப் பதவி உயர்வில் புள்ளி உண்டு, இதற்கு இல்லை. ஒரு ஆசிரியரின் சாதனை என்று என்னிடம் கேட்டால் நான் முதலில் எழுதுவது இதைத்தான்.

இந்த ஊரில் எழுதியவர்களைப் பற்றிப் பேசும்போது ஒருவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது. சுப்பிரமணியம் சுகிர்தராஜன், சுடர் ஒளிப் பத்திரிகையின் செய்தியாளர். 2006 ஜனவரி 2ஆம் திகதி நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அந்தப் படங்கள் பத்திரிகையில் வந்தபிறகு பொய் நிற்கவில்லை. அதே மாதம் 24ஆம் திகதி காலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கிழமை பேனையைத் தொட எனக்குக் கை வரவில்லை. தொடர்பாடல் கற்கும் ஒவ்வொரு பிள்ளையும் முதல் வருடத்திலேயே அந்தப் படங்கள் என்ன செய்தன என்று அறிந்திருக்கவேண்டும். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. பாட்டுப் போடுகிற வேலை என்று நினைப்பவர்களுக்கு இந்தத் தொழிலின் எடை தெரியட்டும்.

இனி உங்கள் குறை. பட்டியல் அகப்படவில்லை என்றீர்கள். அது நியாயமான குறை. வாழ்த்துப் படத்தில் முகம் இருக்கும், பட்டம் இருக்கும், வேலை இருக்காது. இது எங்கள் எல்லோருடைய பழக்கமும்தான், கோயில் பதாகையில் இருந்து கல்யாண வாழ்த்துவரை. தமிழின் முதல் வரலாற்று நாவலை 1895இல் எழுதியவர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை, நம் திருமலைக்காரர். நம் தெருவில் நின்று பத்துப் பேரிடம் கேளுங்கள், எத்தனை பேருக்குத் தெரியும்? செய்த வேலையைக் குறித்துவைக்காத ஊரில் அடுத்த பிள்ளை ஒவ்வொரு தடவையும் முதல் படியில் இருந்துதான் ஏறவேண்டியிருக்கும்.

பிள்ளைகள் கடைசி வருடத்தில் எழுதும் ஆய்வேடுகளில் நான் நாலைந்து வாசித்திருக்கிறேன். மீனவர்களுக்கு வானிலைச் செய்தி எப்படிப் போய்ச் சேருகிறது என்று ஒருத்தி எழுதியிருந்தாள். இரண்டு மாதம் விடியற்காலையில் கரையில் நின்று கேட்டு எழுதியது. மதிப்பெண் போட்டபிறகு அது அலுமாரிக்குப் போய்விட்டது. ஈழத்துத் தமிழ் எழுத்துக்களைச் சேர்த்துவைக்கும் நூலகம் இணையத்தளம் 2005 முதல் தொண்டர்களால் நடக்கிறது. இப்படியான ஆய்வேடுகள் அங்கே ஏறினால் சாதனைப் பட்டியல் தானாகவே உருவாகும். யாரும் யாரையும் வாழ்த்தத் தேவையில்லை.

பத்திரிகையும் ஒன்று வேண்டும். மிசூரியில் செய்தது இங்கே முடியாது என்று நான் நம்பவில்லை. நாலு பக்கம், மாதம் ஒரு தடவை போதும். வளாகத்தைச் சுற்றியே எவ்வளவு இருக்கிறது! நிலாவெளி வெங்காயத் தோட்டக்காரர், புறாமலைக்குப் படகு விடுபவர்கள், குச்சவெளிக் காணிகள். 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை (ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் மிதவை) கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் தண்ணீரில் போனார்கள். சில நாட்கள் நாடு முழுவதும் அதுவே செய்தி. கொழும்பில் இருந்து வந்த கமராக்கள் திரும்பிப் போயின. அதற்குப் பிறகு அந்தத் துறைக்கு மாதாமாதம் போய்ப் பார்த்து எழுத ஆள் வேண்டும். செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்கும், வேறு தொழில் செய்து பிழைக்கும் பிராந்தியச் செய்தியாளரால் அது முடியாது. நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு செய்திக்குக் கிடைத்த காசு பஸ்ஸுக்கும் தேத்தண்ணிக்கும் சரியாகப் போகும். போகாத இடங்களை நினைத்தால் இப்போதும் உறுத்துகிறது. ஒரு வகுப்புப் பிள்ளைகளால் அது முடியும்.

அவர்களுக்குக் கையில் ஒரு சட்டமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்தப் பிரஜையும் தமிழிலேயே கேட்கலாம், ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லவேண்டும். நான் ஓடித்திரிந்த காலத்தில் இது இருந்திருந்தால் எத்தனை படிகளை ஏறாமல் விட்டிருப்பேன்.

சட்டத்துக்குப் போகலாம் என்ற ஆசிரியரின் யோசனையைப் பற்றி ஒரு வரி. மகளுக்கே சட்டத்தில் ஆசை இருந்தால் அது வேறு கதை. அவளுக்குச் சந்தோஷம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கையில் கிடைத்ததை விட்டு இன்னொரு வருடத்தைப் பல்கலைக்கழக அனுமதியின் வெட்டுப்புள்ளிக்குக் கொடுக்கவேண்டாம்.

அம்மா உங்களோடு இருக்கிறா என்றீர்கள். வீட்டுக்கு வந்திருக்கும் ஏதாவது ஒரு கடிதத்தை, வங்கியோ பிரதேச சபையோ அனுப்பியதை, மகள் இன்று பின்னேரமே அப்பம்மாவுக்கு வாசித்துக்காட்டட்டும். அப்பம்மா திருப்பிச் சொல்வதை அப்படியே எழுதட்டும். எங்கே தடக்கினா என்று எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நான் வாசித்துப் பதில் எழுதுவேன்.

அன்புடன்,
அக்கா