கடற்கரைப் புலிவண்டும் நமீப் பாலைவன வண்டும் ஒரே விதமாகவா வாழ்கின்றன?

யாழ்ப்பாணத்தின் வடமராட்சியிலுள்ள மணற்காடு என்னும் ஊரின் மணற்குன்றுகளைக் குறிப்பிட்டு, மணல் ஒன்றென்றால் இங்குள்ள வண்டும் ஆபிரிக்கப் பாலைவனத்து வண்டும் ஒரே விதமாகத்தானே வாழும் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியல்ல, மணல் ஒத்திருந்தாலும் உணவும் நீரும் பெறும் வழி வேறு.

இலங்கையின் மணற் கடற்கரைகளில் காணப்படும் ஹைபீதா பைரமோசா என்னும் புலிவண்டு, கரையோரத்தில் வேகமாக ஓடிச் சிறு பூச்சிகளை வேட்டையாடுகிறது. புலிவண்டுகளின் குடம்பிகள் (புழுப்பருவ இளம் உயிர்கள்) செங்குத்தான வளைக்குள் இருந்து, வாயிலைத் தலையால் அடைத்தபடி இரைக்குக் காத்திருக்கும். முதுகிலுள்ள கொக்கிகள் வளைச்சுவரில் ஊன்றிக்கொள்வதால், பிடிபட்ட இரை அவற்றை எளிதில் வெளியே இழுத்துவிட முடியாது.

ஆபிரிக்காவின் நமீப் பாலைவனத்து வண்டான ஒனிமாக்ரிஸ் அங்குயிகுலாரிஸோ வேட்டையாடுவதில்லை. காற்று கொண்டுவரும் உலர்ந்த தாவரத் துகள்களையே உண்கிறது. அட்லாண்டிக் கடலிலிருந்து மூடுபனி வரும் காலைகளில் அது குன்றின் முகட்டுக்கு ஏறி, காற்றை எதிர்கொண்டு தலையைத் தாழ்த்தி நிற்க, முதுகில் படியும் துளிகள் வழிந்து வாயை அடைகின்றன. ஹமில்டனும் சீலியும் 1976இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையின் 34 சதவீதம் வரை நீரைப் பெற்ற வண்டுகள் பதிவாகியுள்ளன. (முதுகுப் புடைப்புகள் நீரைச் சேர்ப்பதாக இணையத்தில் உலவும் விளக்கம் ஸ்டெனோகாரா என்ற வேறொரு வண்டை ஒட்டியது, இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர்.)

பறப்பதிலும் வேறுபாடுண்டு: புலிவண்டு ஆபத்து நெருங்கினால் சிறிது தூரம் பறந்து இறங்கும்; நமீப் வண்டின் முன்சிறகுகள் ஒன்றாக இணைந்துவிட்டதால் அது பறக்காது, ஆனால் அவற்றின் கீழுள்ள காற்றறை உடலின் நீரிழப்பைக் குறைக்கிறது.