மோயாறு ஏன் நேராக ஓடுகிறது என்று கேட்கும் மகளுக்கு

அன்புள்ள அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பவானிசாகர் பக்கம் நான்கு ஏக்கர் வாழைத்தோட்டம். மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். அவளுடைய தாய்மாமன் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் இடம் பேசி வைத்துவிட்டார். பணத்துக்குத் தோட்டத்தில் பாதியை அடமானம் வைக்கலாம் என்கிறார். மகளோ ஜியாலஜி, அதாவது புவியமைப்பியல், படிக்கிறேன் என்கிறாள். “கல்லைப் படித்து அம்மணி என்ன குவாரியா நடத்தப் போகிறது?” என்று பங்காளி வீட்டில் சிரித்திருக்கிறார்கள். உங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அடமானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். குடும்பத்துக்குச் சோறு போடும் நிலத்தைப் பிள்ளை விரும்பாத ஒரு படிப்புக்காகக் கடனில் தள்ளுவதை எந்தக் காரணம் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாமன் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். வட்டி கட்டப்போவது நீங்கள், நான்கு ஆண்டு வகுப்பில் உட்காரப்போவது அவள். கணினிப் படிப்பைப் பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாருமே விசாரிக்காத படிப்பைப் பற்றி நான் சொல்கிறேன்.

மோயாறு ஏன் அவ்வளவு நேராகப் பள்ளத்தில் ஓடுகிறது, நீலகிரி ஏன் சுவர் போல எழுந்து நிற்கிறது என்று உங்கள் மகள் கேட்டாளாம், யாருக்கும் பதில் தெரியவில்லையாம். பெரிய ஆய்வாளர்களின் கேள்வி அது. பூமியின் ஆழத்தில் பாறைகள் ஒன்றையொன்று உரசி நசுங்கிய பழைய பலவீனக் கோடுகள் நம் பகுதியின் அடியில் கிடக்கின்றன. மோயாறும் பவானியும் அந்தக் கோடுகளை ஒட்டியே பள்ளம் பறித்திருக்கின்றன. நீலகிரியின் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை திடீரென்று அறுந்து பாலக்காட்டுக் கணவாய் உண்டானது எப்படி என்பதில் இன்றுவரை ஆய்வாளர்களிடையே ஒரே கருத்து இல்லை. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் வெளிர்நிறப் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதைப் பொடித்துத்தான் சந்திரயான்-2 ஊர்தியைச் சோதிக்க நிலவு மண்ணைப் போன்ற மண்ணை இஸ்ரோ தயாரித்தது. உறவினர்கள் சிரிக்கும் கல்லின் மதிப்பு இவ்வளவு.

நிலநடுக்கம் நமக்கு வராது என்று யாராவது சொன்னால், 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியை மையமாகக் கொண்டு ஏறத்தாழ 6 அளவில் நிலம் ஆடியதைச் சொல்லுங்கள். தென்னிந்தியாவில் வெகுதூரம் அது உணரப்பட்டது. மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மிகக் குறைந்த ஆபத்து மண்டலத்தில் வைக்கப்பட்டிருந்த இடம். 1993 செப்டம்பர் 30 விடியும் முன் அங்கே பத்தாயிரம் பேர் அளவுக்கு மடிந்தார்கள். பழைய கோடுகளில் எது உறங்குகிறது, எது விழிக்கக்கூடும் என்று கண்டுபிடிக்க ஆட்கள் வேண்டும். பிளவுக்குக் குறுக்கே குழி வெட்டி, மண் அடுக்குகள் எங்கே முறிந்திருக்கின்றன என்று பார்ப்பார்கள். அந்த அடுக்கிலுள்ள கரித்துண்டையோ மணலையோ ஆய்வகத்தில் சோதித்து, முறிந்த காலத்தைக் கணிப்பார்கள். வெங்கச்சங்கல்லில் (குவார்ட்ஸ்) விண்கதிர்கள் பதித்த தடயத்தைக் கொண்டு மலை எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று அளப்பார்கள். இயற்பியலும் வேதியியலும் கணிப்பொறியும் மூன்றும் இதில் வேண்டும். எனவே கணினி தெரியாமல் போய்விடுவாள் என்ற பயத்தை விடுங்கள்.

இனி வழி. சேலம் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. புவியமைப்பியல் இருக்கிறது. அரசுக் கல்லூரி என்பதால் ஆண்டுக் கட்டணத்துக்காக யாரும் நிலத்தை அடமானம் வைக்க வேண்டியதில்லை. விடுதிச் செலவைக் கணக்கில் எடுங்கள், அதுவே பெரிய செலவு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவளென்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். பிறகு எம்.எஸ்ஸி. அதைச் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலேயே படிக்கலாம், அல்லது ஐ.ஐ.டி. எம்.எஸ்ஸி.க்கான நுழைவுத் தேர்வான ஜாம் எழுதி மும்பை, கரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி.களுக்குப் போகலாம்.

ஒன்றை மறைக்க மாட்டேன். பி.எஸ்ஸி.யோடு நிறுத்தினால் வேலை கிடைப்பது கடினம். ஐந்து ஆண்டுக்குத் துணிந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். எம்.எஸ்ஸி. முடித்தவர்கள் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு எழுதலாம். அதில் தேறினால் 1851-இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் குரூப் ‘ஏ’ பணி. ஏழாவது சம்பளக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. ஆராய்ச்சிக்குப் போனால், நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் தேறி இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை பெறலாம், மாதம் 37,000 ரூபாய். ஹைதராபாத்தில் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், டேராடூனில் வாடியா இமயமலைப் புவியமைப்பியல் நிறுவனம், திருவனந்தபுரத்தில் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் எல்லாம் இருக்கின்றன. நம் வாசலிலும் வேலை இருக்கிறது. குன்னூர், கேத்திப் பக்கம் 2009-இல் மண் சரிந்து மக்கள் மாண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நிலச்சரிவு முன்னறிவிப்பு வெளியிடத் தேர்ந்தெடுத்த முதல் மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று. அந்த அறிக்கையை எழுதுபவர்கள் புவியமைப்பியல் படித்தவர்கள்.

“பெண்பிள்ளை மலையில் அலைவதா?” என்ற கேள்வியும் வரும். களப்பணி குழுவாகத்தான் நடக்கும், ஆசிரியர்களும் உடன் இருப்பார்கள். வாழைத்தோட்டத்தில் வெயிலில் நின்று வேலை செய்து வளர்ந்த பிள்ளைக்கு மலை ஏறுவது பெரிய காரியமே அல்ல. தங்குமிடம், பயணம் பற்றிக் கல்லூரித் துறைத்தலைவரிடம் நேரில் கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

மகளிடமும் ஒரு வார்த்தை. கல் பொறுக்கப் பிடிப்பது மட்டும் போதாது, கணக்கிலும் இயற்பியலிலும் உழைக்கச் சம்மதமா என்று நேரடியாகக் கேளுங்கள். சம்மதமென்றால், அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பத்தில் சேலத்தையும் புவியமைப்பியலையும் முதல் விருப்பமாகப் போடச் சொல்லுங்கள். கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முன்பணம் எதுவும் கட்டியிருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்த் திரும்பக் கேளுங்கள். மாமனை நான் பார்த்துப் பேசுகிறேன்.