நன்னெறிப் பாடம் நடத்தியவர் மறைக்கல்வி நடத்தலாமா?

கேள்வி: மலேசியாவின் பேராக்கில் ஒரு தோட்டப் பட்டணம். பழைய மிஷன் பள்ளியில் ஆசிரியை நான். பள்ளி முடிந்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதாவது சமயப் பாட வகுப்பு நடத்தச் சொல்லிப் பங்குச் சாமியார் கேட்கிறார். நான்கு ஆசிரியர்கள் தயார். நன்னெறிக் கல்வி நடத்தியிருக்கிறோம். இதற்குப் பயிற்சி இல்லை. எப்படித் தொடங்குவது?

பதில்: முதலில் அனுமதி. அரசு உதவி பெறும் பள்ளியின் வாரியம் இஸ்லாம் அல்லாத சமயத்தைக் கற்பிக்க ஏற்பாடு செய்யலாம் என்கிறது 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு. அரசுப் பணம் அதற்குச் செலவாகக் கூடாது. வேறு சமயப் பிள்ளை உட்கார்ந்தால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கூட்டாளியோடு சேர்ந்து வரும் இந்துப் பிள்ளைகள் உங்கள் பள்ளியிலும் இருப்பார்கள், கவனம். திருச்சபைச் சட்டம் 805-இன்படி சமய ஆசிரியரை நியமிப்பதோ ஏற்பதோ மறைமாவட்டத் தலைவரான ஆயரின் உரிமை. ஆகவே சாமியார் வழியாக மறைமாவட்டத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அங்குள்ள மறைக்கல்விப் பணிக்குழுவிடம் பயிற்சியும் கேளுங்கள்.

திருச்சபைச் சட்டம் 804 சமய ஆசிரியரிடம் மூன்றை எதிர்பார்க்கிறது: சரியான போதனை, வாழ்க்கைச் சாட்சியம், கற்பிக்கும் திறன். மூன்றாவது கைவசம் இருக்கிறது என்று நினைப்பீர்கள். என் கவலையே அங்குதான். கதையைச் சொல்லி முடித்ததும் 'இதில் உள்ள பண்பு என்ன?' என்று கேட்டு, 'நன்றியுணர்வு' என்ற பதில் வந்ததும் அடுத்த பக்கம் போகும் பழக்கம் லேசில் விடாது.

மத்தேயு நற்செய்தி 20-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கூலியாட்களின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் வேலைக்கு வந்தவருக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் ஒரே கூலி. தோட்டத்தின் பெரட்டும் (காலையில் ஆள் கணக்கெடுப்பு) கங்காணியும் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) தெரிந்த தாத்தா பாட்டி வீட்டுப் பிள்ளை சும்மா இருக்குமா? 'டீச்சர், இது நியாயமே இல்லை' என்று எழும். உடனே 'கடவுள் தாராளமானவர்' என்று முடித்துவிடாதீர்கள். 'யாருக்கு நியாயமில்லை?' என்று கேட்டுவிட்டுப் பொறுங்கள். ஐந்து மணிவரை வேலை கிடைக்காமல் நின்றவனின் வீட்டில் அன்று ராத்திரி அடுப்பு எரியுமா என்று இன்னொரு பிள்ளை கேட்கும். அப்புறம் நீங்கள் கடவுளைப் பற்றிப் பேசினால் அது காதில் ஏறும்.

இந்தப் பொறுமைக்குத்தான் பயிற்சி வேண்டும். வாரம் ஒருமுறை நால்வரும் கூடி, ஒருவர் இருபது நிமிடம் நடத்தட்டும். மற்றவர்கள் பிள்ளைகளாக உட்காரட்டும். கேள்வி கேட்டபின் அவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதை மட்டும் குறித்துச் சொல்லுங்கள். வேறு விமர்சனம் முதல் மாதம் வேண்டாம்.

போதனைக்கு 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதும். அதன் நான்கு பகுதிகளில் செபம் பற்றிய கடைசிப் பகுதிதான் சின்னது, அதிலிருந்து படியுங்கள். செபிக்காதவர் செபம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்குத் தமிழ்த் திருவிவிலியத்தைக் கொடுங்கள். வீட்டில் ஆங்கிலத்தில் செபிக்கும் பிள்ளை அதே பகுதியை ஆங்கிலத்தில் வாசிக்கட்டும்.